தடை கூடினால் சூடு கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் மின்சுற்றுக் கணக்குகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வரி: “மின்தடை கூடக் கூட மின்திறனும் கூடும், அதனால்தான் ஹீட்டரில் தடை அதிகமுள்ள கம்பியை வைக்கிறார்கள்.”

அச்சுப் பிழையாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். என் பேத்தி விடவில்லை. பத்தாம் வகுப்பு. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்து, “பத்திரிகையிலேயே போட்டிருக்கு தாத்தா, நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு” என்றாள். 31 வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு உங்கள் பத்திரிகை தந்த சான்றிதழ் இது. நன்றி.

அப்புறம் அவளே ஒன்று கேட்டாள். “அப்படின்னா ஹீட்டரோட இன்னொரு சுருளையும் தொடரா மாட்டினா தண்ணி சீக்கிரம் சுடணுமே?” கட்டுரையாளர் தன்னையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி. நோட்டைத் திருப்பி, ஒட்டிய தாளின் முதுகுப்புறத்திலேயே போட்டுப் பார்த்தோம். 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர். மின்னழுத்தத்தை (வோல்ட்) வர்க்கமாக்கித் திறனால் (வாட்) வகுத்தால் தடை 52.9 ஓம். மின்னோட்டம் 4.35 ஆம்பியர். அதே தடையுள்ள இன்னொரு சுருளை வெளியே தொடராக இணைத்தால் மொத்தம் 105.8 ஓம். ஓட்டம் பாதியாகிறது. இரண்டு சுருளுக்கும் சேர்த்தே 500 வாட்தான். தண்ணீருக்குள் இருப்பதன் பங்கு 250. தடை இரண்டு மடங்கானது, தண்ணீருக்குக் கிடைக்கும் சூடு காலாகிப்போனது. பேத்தி ஒட்டிய தாளைக் கிழிக்கப் போனாள். இந்தக் கடிதத்துக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

தவறு எங்கே நேர்ந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினாலும் திறன் வரும், அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் திறன் வரும். இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்துத்தான் சூத்திரத்தைக் கையில் எடுக்க வேண்டும். 10 ஆம்பியர் ஓடும் வயரில் ஒரு மூட்டு தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி இழுக்கும் ஓட்டம் அதனால் பெரிதாக மாறாது. ஆகவே கடுகளவு இடத்தில் 10 வாட் சூடு உட்கார்ந்துகொள்கிறது, பிளாஸ்டிக் உருகுகிறது. அங்கே கட்டுரையாளரின் வரி பொருந்தும். ஆனால் பிளக்கில் நேராகச் செருகும் ஹீட்டருக்கு நிலையாக இருப்பது அழுத்தம். அங்கே தடை குறைந்தால்தான் திறன் கூடும்.

வெறும் மதிப்பெண் விவகாரம் என்று நினைக்காதீர்கள். அறுந்த ஹீட்டர் சுருளின் நுனிகளைக் கொக்கிபோல் வளைத்து மாட்டி மறுபடி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு சுருள் போனால் தடை 47.6 ஓம், திறன் 1,111 வாட். மாட்டிய இடத்தில் கம்பி செக்கச் செவேலென்று கனலும். உங்கள் வரியை நம்பினால், சுருள் குட்டையாவது பாதுகாப்பு!

பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. ஓரிடத்தில் குதிரை லாடம் போன்ற ஓம் குறி எழுத்துரு மாறி வாட் குறியாக அச்சாகி, “4 வாட் தடையும் 6 வாட் தடையும் தொடரில்” என்று ஒரு கணக்கு வந்தது. இன்னொரு படத்தில், தொடரில் வர வேண்டிய அம்மீட்டரைப் பல்புக்குப் பக்க இணைப்பில் வரைந்திருந்தீர்கள். பார்த்துச் செய்தவர்களின் ஃபியூஸ் என்ன ஆனதோ. “கிலோவாட்-மணி” என்று எழுத வேண்டிய மின்சார யூனிட்டை “மணிக்கு ஒரு கிலோவாட்” என்று எழுதுவதை எண்ணிக்கொண்டே வந்தேன், எண்ணுவதையும் விட்டாயிற்று.

கேள்வி பதில் பகுதியில் ஒரு மாணவர் கேட்டது நினைவிருக்கும். 100 வாட் குண்டு பல்பை மல்ட்டிமீட்டரில் அளந்தேன், 38 ஓம் காட்டுகிறது, கணக்குப்படி 1,392 வாட் வருகிறதே என்று. “மீட்டரைச் சரிபார்க்கவும்” என்று பதில் போட்டீர்கள். மீட்டர் பாவம் என்ன செய்யும்? குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் தடை அவ்வளவுதான். எரியும்போதுதான் அது 529 ஓம் ஆகிறது. அன்றே விளக்கமாக எழுதினேன். “கடிதத்துக்கு நன்றி” என்று ஒரு அட்டை வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் தன் விதியை 1827-இல் வெளியிட்டபோது சொந்த நாட்டிலேயே சரியான வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் தந்தது 1841-இல். 14 வருடம் காத்திருக்க அவருக்கு வயது இருந்தது, எனக்கு இல்லை.

நான் கேட்பது ஒரு வரிதான்: “அழுத்தம் மாறாதபோது, தடை கூடினால் திறன் குறையும்.” அதை அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தமாகப் போடுங்கள். போன தடவை மாதிரி குறுக்கெழுத்து விடைகளுக்கு அடியில் வேண்டாம், பேத்தி அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்