வீட்டில் படிப்பிப்பவர் யாரிடம் கேட்பது?

ஆசிரியருக்கு,

மகனுக்கு அடிக்கடி இழுப்பு வருவதால் இரண்டு வருடமாக வீட்டிலேயே படிப்பிக்கிறேன். "பள்ளிக்கூடம் போறதில்லையா?" என்று மீன் வாங்கப் போன இடத்திலும் கேட்கிறார்கள். சரி, அது பழகிவிட்டது.

இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அதை வீட்டில் கொடுப்பவர் என்ன செய்யவேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். மூன்று மேசையில் மூன்று பதில். பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். இதையெல்லாம் நானாகத் தேடி அறியவே ஒரு வருடம் போயிற்று.

போன மாதம் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் வெப்பமானியோடு போனோம். ஏழும் ஒரே சூடில்லை என்று கண்டதும் மகன் துள்ளினான். கூடத் துள்ள இன்னொரு பிள்ளைதான் இல்லை.

நகரில் எங்களைப் போல வேறு குடும்பங்களும் இருக்கக்கூடும். மாதம் ஒரு சனிக்கிழமை பொது நூலகத்தில் நாங்கள் ஒன்றுகூட இடம் தந்தால் நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாரும் எட்டிப்பார்த்தால், தேநீர் என் பொறுப்பு. வலயக் கல்வி அலுவலகமும் எங்கள் கேள்விகளுக்கென ஒரு உத்தியோகத்தரைக் குறித்துச் சொல்லட்டும்.

ஒரு தாய்,
உவர்மலை, திருகோணமலை.