விளைந்த நெல்லுக்கு ஒரு கூரை

ஆசிரியருக்கு,

குறுகிய காலப் பயிரான குறுவையை அறுத்து ஒன்பது நாளாக எங்கள் நெல், அரசுக் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஐப்பசி அடைமழை. அடிமூட்டையைப் பிரித்துக் கைவிட்டேன். உள்ளே சூடு, விரலிடுக்கில் வெள்ளை முளை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் இருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. தளர்வு கேட்டு எழுதி, மத்தியக் குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது.

2020-இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள், மகிழ்ந்தோம். விளைந்ததைக் காப்பது யார்? ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் உலர்த்தும் இயந்திரமும் கூரையிட்ட களமும் வேண்டும். இங்கேயே அரைத்து, இங்குள்ள ரேஷன் கடைகளுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் முதலில் கொடுக்கட்டும். அடுத்த குறுவை அறுப்புக்கு முன் செய்தாக வேண்டும்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்