நடுவர்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக் கால்பந்தில் மின்னும் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது பயிற்சியாளரிடம் கேட்கிறோம், பெற்றோரிடம் கேட்கிறோம். விசில் ஊதியவரிடம் யாரும் கேட்பதில்லை.

1960-இல் தொடங்கிய சுப்ரதோ கோப்பை, இந்திய விமானப்படையின் ஆதரவில் நடக்கும் பள்ளிகளுக்கான போட்டி. 1992-இல் அதில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான சிக்கிம் மாணவர் பாய்ச்சுங் பூட்டியா, அடுத்த ஆண்டே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். அப்புறம் இந்திய அணிக்கே கேப்டன் ஆனார். அந்தப் பள்ளி ஆட்டங்களை நடத்திய நடுவர்களின் நினைவுகளைப் படிக்க எனக்கு எவ்வளவோ ஆசை.

மாவட்ட அளவில் நடுவராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கோல் அடித்தவனைக் கேலரியில் இருப்பவரும் பார்க்கலாம். தட்டிவிடப்பட்டு விழுந்தும் கையைத் தூக்கி முறையிடாமல் எழுந்து பந்தைத் துரத்துகிறவன், ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது துவண்டுபோன தோழனை அதட்டாமல் பெயர் சொல்லி அழைத்துச் சரியான இடத்தில் நிறுத்துகிறவன், இவர்களைக் கூடவே ஓடும் நடுவருக்குத்தான் தெரியும். ஆனால் ஆட்டம் முடிந்து நாங்கள் எழுதும் அறிக்கையில் மஞ்சள், சிவப்பு அட்டை வாங்கியவர்கள் பெயருக்குத்தான் இடம். மாணவிகள் ஆட்டத்தில் பார்வையாளர்களே சொற்பம். பல நாள் நடுவர்தான் ஒரே சாட்சி.

மூத்த நடுவர்கள் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரம் ஒருவரைப் பேசவிடுங்கள். இடம் குறைவு என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை அரைப் பத்தி போதும்.

ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர்,
திருச்சி