என் மகனை அதட்டாதவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கண் சிமிட்டலில் தொடங்கியது, பிறகு கழுத்தை வெட்டி இழுப்பது, தொண்டையைக் கனைப்பது என்று ஒரு வருடத்துக்கு மேலாகியும் நிற்கவில்லை. கண் டாக்டர், தொண்டை டாக்டர், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு முதல் நன்றி. அவ்வளவு கூட்டத்திலும் அவனிடமே பேசினார். "நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும்" என்றார். அவன் அழுதுவிட்டான். இதற்கு டூரெட் என்று பெயர், இப்படித் தன்னையறியாமல் வரும் அசைவையும் சத்தத்தையும் டிக் என்பார்கள், தொந்தரவு தராத டிக்குக்கு மருந்தே தேவையில்லை என்றார். இவனுக்குக் கழுத்து வலி இருந்ததால் முதலில் பயிற்சி. கூடவே துறுதுறுப்பும் கவனக்குறைவும் இருந்ததால் அப்புறம் குறைந்த அளவில் குளோனிடின் மாத்திரை. தூக்கம் வரும், நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். ரிஸ்பெரிடோன் போன்ற வேறு மருந்துகளில் எடை கூடும், தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்றார்.

பயிற்சி கொடுத்த உளவியலாளருக்கு எப்படி நன்றி சொல்வது! இழுப்பு வருவதற்கு முன் கழுத்துக்குள் குறுகுறுவென்று ஓர் உணர்வு வரும். அதைக் கண்டுகொள்ள அவனுக்குப் பழக்கினார். வந்ததும் தாடையை லேசாகக் கீழிறக்கி, கழுத்தை மெல்ல இறுக்கி, அது அடங்கும்வரை இருக்க வேண்டும். கனைப்பு வந்தால் வாயை மூடி மூக்கால் நிதானமாக மூச்சு. அமெரிக்காவில் 126 பிள்ளைகளை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் நன்றாகத் தேறினார்களாம். முழுசாகப் போய்விடும் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. அந்த நேர்மை எனக்குப் பெரிது.

வகுப்பு டீச்சர் அவனைக் கதவோரம் உட்காரவைத்து, வேண்டும்போது வெளியே போய்வர விட்டார். பேய் பிடித்திருக்கிறது என்றவர்களை மாடிவீட்டு ஆயா வாயடைத்தார்.

தண்டையார்பேட்டை கேரம் அண்ணன்களே, உங்களுக்குத் தனி நன்றி. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும்போது அவனுக்கு இழுப்பு வருவதில்லை. "அப்போ அடக்க முடியுதே, நடிக்கிறான்" என்று ஒருவர் சொன்னார். மனம் ஒன்றில் ஊன்றினால் டிக் குறையும், அது நடிப்பில்லை என்று நான் சொன்னதும் நீங்கள் நம்பினீர்கள், தினமும் அவனுக்கு ஒரு போர்டு ஒதுக்கினீர்கள்.

பத்திலிருந்து பன்னிரண்டு வயதில்தான் இது கூடுதலாக இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறையும் என்கிறார் டாக்டரம்மா. அடுத்த முறை மாத்திரையைக் குறைக்கலாமா என்று பார்ப்பார்.

நன்றியுடன்,
அவன் அம்மா