லெப்பர்ட் கெக்கோவுக்கு மணல் தரை ஏற்றதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

லெப்பர்ட் கெக்கோ பல்லிகளைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் பலர், அவை வறண்ட நிலத்து உயிர்கள் என்பதை மட்டும் மனத்தில் கொண்டு, கண்ணாடித் தொட்டியில் மணலைக் கொட்டிவிடுகின்றனர். ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் அவை வாழும் இடங்களோ பெரும்பாலும் பாறையும் இறுகிய மண்ணும் கொண்டவை.

இப்பல்லி சுற்றுப்புறத்தை நக்கிப் பார்த்தே அறியும். புழுவைக் கவ்வப் பாயும்போதும் வாயில் மணல் சேரும். உடலில் கால்சியம் குறைந்தோ, தொட்டியில் வெப்பம் போதாமலோ இருந்தால், விழுங்கிய மணல் குடலை அடைத்துக்கொள்ளக்கூடும். குட்டிகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. செரித்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணல், தன்னைத் தின்னும்படி பல்லியைத் தூண்டுவதோடு ஈரம் பட்டதும் கட்டிபடுவதால், அதையே நான் மிக மோசமானதாகக் கருதுகிறேன்.

குட்டிகளுக்கும் நோயுற்றவற்றுக்கும் சமையலறையில் பயன்படும் டிஷ்யூ காகிதமே நல்லது. பார்க்க அழகில்லைதான், ஆனால் எச்சத்தில் மாற்றம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். வளர்ந்தவற்றுக்குச் சொரசொரப்பான தரை ஓடு பதிக்கலாம். அது சூட்டைத் தாங்கி வயிற்றுக்குக் கொடுக்கும், துடைப்பதும் எளிது. கம்பள விரிப்பில் பிரிந்த நூலிழை விரலில் சுற்றினால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். உரம் கலவாத மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்த்து, நனைத்துத் திமிசு போட்டு, நன்கு இறுகக் காயவைத்த தரையும் ஆரோக்கியமான பெரிய பல்லிக்கு ஏற்றதே.

தொட்டியுடன் மணலையும் சேர்த்து விற்போர், அது குட்டிகளுக்கு ஆகாது என்பதைப் பையின் மீதே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்