கிரில்லைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துருவப் பனி உருகும் செய்தி வரும்போதெல்லாம் மெலிந்த பனிக்கரடியோ தனித்து நிற்கும் பென்குயினோதான் படமாக அச்சாகிறது. அவற்றின் இரை என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. நான் கும்பகோணத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலர் இப்போது ‘கிரில் எண்ணெய்’ என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். சிவப்பு மாத்திரை, விலையும் கூடுதல். அது எங்கிருந்து வருகிறது என்று படித்துப் பார்த்த பிறகு எனக்கு மனம் ஆறவில்லை.

கிரில் என்பது அண்டார்டிக் கடலில் பெருங்கூட்டமாக வாழும், இறாலைப் போன்ற சிற்றுயிர். நீளம் 6 செ.மீ., எடை 2 கிராம் அளவுதான். நீலத் திமிங்கிலமும் அடேலி பென்குயினும் சீல்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அந்தக் கிரில்லோ பனியை நம்பி இருக்கிறது. உறைந்த கடற்பரப்பின் அடிப்பக்கத்தில், குளத்துப் படிக்கட்டில் படிவதைப் போலப் பாசி படிகிறது. கோடையில் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் இருண்ட குளிர்காலம் முழுவதும் அதைச் சுரண்டித் தின்றே பிழைக்கின்றன. வளர்ந்த கிரில் உடலைச் சுருக்கிக்கொண்டு பட்டினி கிடக்கும். ஆய்வகத்தில் 200 நாட்களுக்கு மேல் இரையின்றி உயிரோடு இருந்திருக்கிறது. குஞ்சுக்கு அந்தத் தெம்பு கிடையாது. பனி தாமதமாக உறையும் ஆண்டில் ஒரு தலைமுறையே அடிபடுகிறது.

2023 பிப்ரவரியில் அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடற்பனி 18 லட்சம் சதுர கி.மீ.க்கும் கீழே இறங்கியது. 1979இல் செயற்கைக்கோள் பதிவு தொடங்கிய பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. தென்மேற்கு அட்லாண்டிக்கில் கிரில் கூட்டங்கள் தெற்கே ஒதுங்கிவிட்டன. பனி குறைந்த நீரில் சால்ப் என்ற கண்ணாடி நிற உயிர் பெருகுகிறது. அதன் உடலில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் தின்று பென்குயின் குஞ்சு தேறாது.

இந்த நிலையில்தான் நார்வே, சீனா போன்ற நாடுகளின் கப்பல்கள் அங்கே கிரில்லை அள்ளுகின்றன. பண்ணை சால்மனுக்குத் தீவனமாகவும் என் கடைக்கு மாத்திரையாகவும் அது போகிறது. பனி விலகியதால் குளிர்காலத்திலும் கப்பல்கள் அங்கேயே நிற்க முடிகிறது. இருப்பில் ஒரு சதவீதம்தானே என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்த ஒரு சதவீதத்தையும் பென்குயின் தன் குஞ்சுக்கு இரை தேடும் கரையோரத்திலேயே அள்ளினால் அது எங்கே போகும்? ஒரே இடத்தில் பிடிக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்துப் பிடிக்க வேண்டும் என்ற விதி 2024இல் நாடுகளிடையே ஒருமித்த கருத்து எட்டாமல் காலாவதியானது. 2025 ஆகஸ்டிலேயே 6.2 லட்சம் டன் வரம்பு எட்டப்பட்டு, அந்தப் பருவத்துக்கு மீன்பிடிப்பை மூட வேண்டியதாயிற்று.

நான் கிரில் மாத்திரை வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டேன். ஒமேகா-3 வேண்டுமென்றால் மத்தி மீனிலேயே இருக்கிறது என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். ஆனால் ஒரு கடைக்காரரால் அவ்வளவுதான் முடியும்.

இந்தக் கடலுக்கு விதி வகுக்கும் ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் கூடுகிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது என்பதால் நம் குரலுக்கு அங்கே முழு மதிப்பு உண்டு. கிழக்கு அண்டார்டிகாவிலும் வெடெல் கடலிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் அமைக்கும் திட்டத்தை இணைந்து முன்மொழிய 2021இல் இந்தியா முன்வந்தது. மைத்ரி, பாரதி என்ற நம் இரு ஆய்வு நிலையங்களும் கிழக்கு அண்டார்டிகாவில்தான் இருக்கின்றன. அந்தத் திட்டங்கள் இன்றுவரை நிறைவேறவில்லை.

அக்டோபரில் ஹோபார்ட் கூட்டம் முடிந்ததும், கிரில் வரம்பு குறித்து இந்தியப் பிரதிநிதிகள் என்ன பேசினார்கள், எந்த நாடு எதைத் தடுத்தது என்பதைப் புவி அறிவியல் அமைச்சகத்திடம் கேட்டு வெளியிடுங்கள். பென்குயின் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

மருந்துக்கடை நடத்தும் வாசகர்,
கும்பகோணம்