குடத்துக்காரனுக்கு

காரைக்குடி,
செவ்வாய் இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வழக்கம்போல 'குடம் சௌக்கியமா' என்று கேட்டிருந்தாய். சௌக்கியம். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஓட்டச் சங்கம் நடத்தின மலை ஓட்டத்தில் ஒரு அநியாயம் நடந்துவிட்டது, மாப்ளே. அதைச் செய்தவன் நான். ஒன்பது நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஓட்டம். பிரான்மலை அடிவாரத்தில் 21 கிலோமீட்டர். நீ வந்திருந்தால் பாதையைப் பார்த்துச் சொக்கிப் போயிருப்பாய். கண்மாய்க் கரையில் தொடங்கி, சரளை மேடு ஏறி, கருவேலங்காட்டுக்குள் ஒத்தையடிப் பாதையில் நுழைந்து, பாறைச் சரிவில் இறங்கித் திரும்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் வழி காட்டக் கட்டிய துணி ரிப்பனையெல்லாம் ஆடு தின்றுவிட்டது. சோடாபுட்டியும் நானும் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு திரும்பக் கட்டினோம். அவன் கண்ணோடு அந்த முள்ளுக்குள் எப்படி வந்தானோ, ஒரு முனகல் இல்லை. காலையில் பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கொடி அசைத்தாயிற்று.

பெண்களில் முதலில் வந்தது ஆத்தங்குடிப் பக்கத்துப் பெண். 19 வயது. தளக்கல் பட்டறையில் கண்ணாடிமேல் சாயம் ஊற்றுகிற வேலை. நெஞ்சில் நம்பரைக் குத்திக்கொண்டிருந்தபோது பார்த்தேன், நகக்கண்ணில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. போலீஸ் தேர்வுக்காகக் கண்மாய்க் கரையில் தினமும் ஓடிப் பழகுகிறதாம். சந்தையில் வாங்கின ஷூ. 2 மணி 9 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. இரண்டாவதாக வந்தவர் வெளியூரில் வேலை பார்க்கிற அம்மா, நம் சங்க உறுப்பினர், நல்ல ஓட்டக்காரர். ஆறு நிமிடம் கழித்து வந்தார். பாறைச் சரிவில் அந்தப் பெண் இறங்கியதை நான் மேலே தண்ணீர் கொடுக்கிற இடத்திலிருந்து பார்த்தேன். கல்லைப் பார்த்துக் கால் வைக்கவில்லை, மாப்ளே. கால் போன இடத்தில் கல் இருந்தது.

பரிசளிப்புக்கு நான் செக் எழுத உட்கார்ந்தேன். முதல் பரிசு 25,000 ரூபாய். உறுப்பினர் பட்டியலில் தேடினேன், அந்தப் பெயர் இல்லை. நோட்டீசில் 11ஆவது விதி: பரிசுத் தொகை சங்க உறுப்பினர்களுக்கு மட்டும், அதுவும் போட்டிக்கு 30 நாளுக்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். அந்த விதியை எழுதியது நான். டைப் அடித்ததும் நான். தலைவரிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அவர் மைக்கில் அறிவித்தார். பெண்ணுக்கு மெடல், இரண்டாவதாக வந்தவருக்கு செக். கைதட்டல் பாதியில் நின்றது. அந்தப் பெண் மேடைக்குக் கீழே வந்து என்னிடம், "சார், நான் 600 ரூபா கட்டினேனே?" என்று கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பந்தல் பிரிக்கிற வரைக்கும் ஒரு ஓரமாக நின்றுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது.

நான் அந்த விதியை எழுதினதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் பரிசு இருக்கிற இடமெல்லாம் தேடிப் போய் ஓடுகிற மூன்று பேர் வந்து, முதல் மூன்று பரிசையும் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போனார்கள். ஆறு வாரம் முள் வெட்டின நம் பையன்களுக்கு வயிறு எரிந்தது. "உழைக்கிறது நாங்க, அள்ளிட்டுப் போறது யாரோ" என்றார்கள். அதில் நியாயம் இல்லையென்று நீயும் சொல்ல மாட்டாய். ஒரு சங்கம் என்றால் உள்ளே இருப்பவனுக்கு ஏதாவது ஒரு சலுகை வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் வேலி போடும்போது யார் உள்ளே வரக்கூடாது என்று மட்டும்தான் யோசித்தேன். யார் வெளியே மாட்டிக்கொள்வார்கள் என்று யோசிக்கவே இல்லை. விண்ணப்பம் முழுக்க இங்கிலீஷில், கம்ப்யூட்டரில். பட்டறைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் நிரப்பிக் கொடுத்திருக்கிறான். உறுப்பினர் ஆக வேண்டுமா என்கிற கட்டத்தில் அவன் டிக் அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்னும் 500 ரூபாய் ஆகியிருக்கும். அந்தப் பெண்ணின் ஒரு நாள் கூலிக்கு மேல்.

மறுநாள் ஆத்தங்குடிக்குப் போனேன். என் சொந்தப் பணம் 25,000 கவரில் வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணின் அம்மா திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கவரை நீட்டினேன். தொடவில்லை. "அவ ஜெயிச்ச காசுன்னா குடுங்க. உங்க காசுன்னா எங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியை இரண்டு தடவை நிறுத்தினேன்.

அப்புறம் கமிட்டி கூடினோம். செட்டியார் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். அவர் பேச்சை உனக்குத் தெரியுமே, கோயிலில் ஆரம்பித்துக் கோயிலில் முடிப்பார். "எங்க நகரத்தாருக்கு ஒம்பது கோயில். கல்யாணம் ஆனா கோயில்ல புள்ளியாச் சேரணும், புள்ளிக்கு வரி கட்டணும். புள்ளி இல்லாதவன் கோயில் காரியத்துல உரிமை கேட்க முடியுமா? சங்கமும் அப்படித்தான்" என்றார். அந்தக் கணக்கில்தான் இத்தனை நூறு வருடமாக அந்தக் கோயில்கள் இடியாமல் நிற்கின்றன, அதை நான் மதிக்கிறேன். அவரிடமும் அதைத்தான் சொன்னேன்: "அண்ணே, புள்ளி வரி கோயிலைக் காப்பாத்த. அன்னதானத்துல இலை போடும்போது புள்ளி கேட்டா போடுறீங்க?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இது அன்னதானம் இல்லப்பா, போட்டி" என்றார். அதுவும் சரிதான். போட்டி என்பதால்தான் எனக்கு இவ்வளவு வலிக்கிறது. தானம் என்றால் கொடுப்பவன் இஷ்டம். போட்டியில் ஜெயித்தது ஜெயித்தவருடைய சொத்து.

சோடாபுட்டி வேறு வழி சொன்னான். பணத்தையே எடுத்துவிடுவோம், மெடல் மட்டும் கொடுப்போம் என்று. கலிஃபோர்னியாவில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்று 100 மைல் காட்டு ஓட்டம். 1974இல் குதிரைகளுக்கான பந்தயத்தில் ஒருவர் குதிரை இல்லாமல் ஓடிக் காட்டியதில் ஆரம்பித்தது. உலகத்துப் பெரிய ஓட்டக்காரர்களெல்லாம் போகிற இடம், ஆனால் பரிசுப் பணம் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் முடித்தால் வெள்ளியில் ஒரு பெல்ட் கொக்கி. அழகான வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கொக்கி போதும் என்று சொல்ல வயிறு நிரம்பியிருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். ஏழை ஜெயிக்கிற வருடத்தில் பார்த்துப் பணத்தை எடுத்தால் ஊர் என்ன சொல்லும்?

இந்த ஒன்பது நாளில் பையனை உட்கார வைத்து மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் தேசியத் தடகள அமைப்பு ட்ரெயில், அதாவது நம்முடையது மாதிரி காட்டு மலைப் பாதை ஓட்டச் சாம்பியன்ஷிப்பை ஏதாவது ஒரு ஊர்ப் போட்டிக்குள்ளேயே சேர்த்து நடத்துகிறது. அந்தச் சாம்பியன்ஷிப் பணத்துக்குக் குடியுரிமையும் வேண்டும், அமைப்பின் உறுப்பினர் அட்டையும் வேண்டும். அட்டை இல்லாதவர் முன்னால் வந்தால் ஊர்ப் போட்டியில் அவர் முதல், சாம்பியன்ஷிப் கணக்கில் இல்லை. ஆக, ஒரே ஓட்டத்துக்குள் இரண்டு கணக்கு. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, நம் விதி உலகத்தில் இல்லாத விதி இல்லை என்று. பிறகுதான் உறைத்தது: நம்மிடம் இரண்டு கணக்கு இல்லையே. ஒரே பரிசு, அதற்கு ஒரு பூட்டு.

இங்கிலாந்தில் இன்னும் பழைய கதை. லேக் டிஸ்ட்ரிக்ட் என்கிற மலைச் சீமையில் கிராஸ்மியர் என்று ஒரு ஊர். அங்கே ஊர்த் திருவிழாவில் மலை ஏறி இறங்குகிற பந்தயம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது, ஜெயித்தால் காசு. அந்தக் காசுப் பந்தயத்தில் ஓடியவன் காசு வாங்காமல் ஓடுகிற அமெச்சூர் சங்கத்துப் பந்தயங்களில் நிற்கக் கூடாது என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒரே மலை, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், நடுவில் ஒரு கோடு. கென்னி ஸ்டூவர்ட் என்பவர் தோட்ட வேலை செய்தவர், காசுப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். அனுமதி வாங்கி இந்தப் பக்கம் வந்து, 1984இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையை 1 மணி 25 நிமிடம் 34 வினாடியில் ஏறி இறங்கினார். அதைப் பல பத்தாண்டுகளுக்கு யாராலும் முறியடிக்க முடியவில்லை. அனுமதி கொடுக்காமல் இருந்திருந்தால்?

ஆனால் என்னை உலுக்கியது அமெரிக்காவின் பாஸ்டன். ட்ரெயில் இல்லை, மாரத்தான்தான், ஆனாலும் கேள். 2018 ஏப்ரலில் கொட்டுகிற மழை, குளிர், எதிர்க்காற்று. அங்கே முன்னணிப் பெண்கள் தனியாக முன்கூட்டியே கிளம்புவார்கள், பரிசு அவர்களுக்கு மட்டும் என்பது விதி. குளிர் தாங்காமல் அவர்களில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். பின்னால் பொதுக் கூட்டத்தோடு கிளம்பிய ஒரு நர்ஸ், நேரக் கணக்கில் பெண்களில் ஐந்தாவது. ஐந்தாவது பரிசு 15,000 டாலர். உனக்குக் கிடையாது, நீ அந்த வரிசையில் கிளம்பவில்லை என்றார்கள். இப்படி மூன்று பெண்கள். விதிக்குக் காரணமும் இருந்தது: தனியாக முன்னால் ஓடுகிறவர்களுக்கு ஆண் ஓட்டக்காரர்களின் துணை வேகம் கிடையாது, ஒருவரையொருவர் பார்த்துத்தான் போட்டி போடுகிறார்கள், பின்னால் கிளம்பியவரை அவர்கள் கண்ணால் பார்க்க முடியாது. ஊரே பேசியது. கடைசியில் அந்த மூன்று பேருக்கும் பணம் கொடுத்தார்கள். ஏற்கெனவே வாங்கினவர்களிடமிருந்து பிடுங்காமல், கூடுதலாகக் கொடுத்தார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி 2 மணிக்கு எழுந்து நம் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். 61,400 ரூபாய் இருக்கிறது.

இரண்டாவதாக வந்த அம்மாவிடமும் பேசினேன். "விதியைப் படித்து, சந்தா கட்டி, உண்மையாக ஓடினேன். இதில் என் தப்பு என்ன?" என்றார். ஒரு தப்பும் இல்லை. அவரிடம் செக்கைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கவும் கூடாது.

இப்போது குடம். அந்தப் பொங்கலை நான் சிரிப்புக் கதையாகத்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஆயா வீட்டுக்கு வந்த பையன். கண்மாய்க் கரை ஓட்டத்தில் என்னைவிட ஒரு தென்னை மரத் தூரம் முன்னால் வந்தாய். வெளியூர்ப் பையனுக்குக் குடம் இல்லை என்று சொல்லி எவர்சில்வர் குடத்தை என் கையில் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அம்மா முப்பது வருடம் அதில் தண்ணீர் எடுத்தாள். நீ எல்லாக் கடிதத்திலும் குடத்தை விசாரித்தாய், நானும் சிரித்துக்கொண்டே பதில் எழுதினேன். அன்று உனக்கு எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உண்மையாக எழுது.

மாட்டுவண்டிப் பந்தயத்தில்கூட நம் ஊரில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பதெல்லாம் கொடி அசைப்பதற்கு முன்னால். எல்லை தொட்டு வந்த பிறகு எவனும் மாட்டைத் திருப்பி அளக்க மாட்டான். நான் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் சொல்லப்போவதும் இதுதான். தகுதி பார்ப்பதென்றால் நம்பர் கொடுக்கும்போதே பார்ப்போம், தமிழில் எழுதி, வாயாலும் சொல்லுவோம். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு நம்பரையும் குத்திவிட்டால், முதலில் வந்தவர் முதல், அவ்வளவுதான். முள் வெட்டுகிற நம் பையன்களுக்கென்று உறுப்பினர் பரிசு தனியாக ஒன்று வைப்போம். மும்பை மாரத்தானில் இந்தியர்களுக்குத் தனிப் பரிசு இருக்கிற மாதிரி. இந்த வருடத்துக்கு, அந்தப் பெண்ணுக்குச் சங்கக் கணக்கிலிருந்து 25,000 ரூபாய் செக், அதே மேடையில், அதே மைக்கில்.

எண்ணிப் பார்த்தேன். பொதுக்குழுவில் ஓட்டு இரண்டு பக்கமும் ஐந்துக்கு ஐந்து வருகிறது. அழகப்பா மைதானத்தில் உட்கார்ந்து சங்கம் ஆரம்பித்த ஏழு பேரில் நீ ஒருவன், ஆயுள் உறுப்பினர். வர முடியாதவர் கையெழுத்திட்டு அனுப்பினால் ஓட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது (அதை எழுதியது நான் இல்லை). நான் சொல்வது தப்பென்று பட்டால் எதிராகவே எழுதி அனுப்பு. மறைக்காமல் கூட்டத்தில் வாசிக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினால் செட்டியார் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், மையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் அவருக்கு. அதனால் இது கிடைத்ததுமே திருப்பூரிலிருந்து கூரியரில் போட்டுவிடு. முகவரி பழையதுதான், வளவு வீட்டுக்கு எதிர்ச் சந்து.

உன் மச்சான்